இலக்கணம் வகுத்தவரும் ஆடுவோரும்: பார்க்கரின் டேக்குமெல் – ஒரு திறனாய்வு

முன்னுரை

மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று, பேச்சினாலேயே கதையை வளர்த்துச் செல்லும் ஆட்டவகை 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் நூல்வடிவம் பெற்றது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இயற்றிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அவ்வகையின் முன்னோடி நூலாகும். நடுவராக அமர்பவர் சூழலை விவரிப்பார். ஏனையோர் தத்தம் மாந்தர் செய்வதைக் கூறுவர். விளைவு ஐயத்திற்குரியதாயின் பகடை முடிவுசெய்யும். இவ்வகையில் அடுத்த ஆண்டே, 1975இல், வெளிவந்தது ‘எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்’, அதாவது இதழரியணைப் பேரரசு. இதனை இயற்றிய எம்.ஏ.ஆர். பார்க்கர் தெற்காசிய மொழிகளைக் கற்பித்த பேராசிரியர். இந்நூலின் திறத்தையும், ஆசிரியரைப் பற்றி 2022இல் உறுதியான செய்தியின் வெளிச்சத்தில் அதனை எவ்வாறு வாசிப்பது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

மொழியிலிருந்து பிறந்த உலகம்

1929இல் பிறந்த பார்க்கர், 1950களின் தொடக்கத்தில் இந்தியாவில் தங்கிப் பயின்றவர், இசுலாத்தைத் தழுவியவர். உருது, பலூச்சி மொழிகளுக்குப் பாடநூல்கள் எழுதியுள்ளார். அமெரிக்கப் பழங்குடி மொழியான கிளாமத்துக்கு இலக்கணம் வகுத்துள்ளார். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசியவியல் துறைக்குத் தலைமை வகித்தார். இளமை முதல் தாம் மனத்துள் கட்டிவந்த டேக்குமெல் என்னும் உலகையே அவர் ஆட்டமாக்கினார்.

அக்காலத்துக் கற்பனை ஆட்டங்கள் பெரிதும் ஐரோப்பிய இடைக்காலத்தைக் களமாகக் கொண்டன. டேக்குமெல் அவ்வழிச் செல்லவில்லை. அதன் வானில் விண்மீன்கள் இல்லை, நிலத்தில் குதிரை இல்லை, இரும்பு அரிது. ஆதலின் படைக்கலங்கள் விலங்கின் தோலைப் பதப்படுத்திச் செய்யப்படுகின்றன. மக்கள் செம்பழுப்பு நிறத்தினர். தொல்காப்பிய மரபில் கூறுவதாயின், முதலும் கருவும் மாறவே அவற்றோடு இயைந்து ஒழுக்கமும் மாறியிருப்பதைக் காண்கிறோம்.

இவ்வுலகின் தனிச்சிறப்பு சோல்யானி என்னும் அதன் மொழியாகும். பெயர்ப்பட்டியலோடு நின்றுவிடாமல் ஒலியமைப்பு, இலக்கணம், எழுத்துமுறை யாவும் அதற்கு வகுக்கப்பட்டன. முன்னிலைச் சொற்கள் மிகப் பல. பேசுவோர், கேட்போர் ஆகியோரின் நிலைக்கேற்ப அவை வேறுபடும். நீ, நீர், நீங்கள், தாங்கள் என்னும் வேறுபாட்டை மாணவர்க்கு விளக்கும் தமிழாசிரியர் இதன் நுட்பத்தை எளிதில் உணர்வர். இங்கு முன்னிலைச் சொல்லைத் தேர்வது சமூகத்தில் தனக்குரிய இடத்தை ஏற்றுக்கொள்வதாகும்.

அயலவராகத் தொடங்கும் ஆட்டம்

ஆட்டத்தின் தொடக்கம் கருதத்தக்கது. ஆடுவோரின் மாந்தர்கள் வீரர்களாகவோ அரசகுலத்தவராகவோ அறிமுகமாவதில்லை. கடல் வழியாக ஜக்காலா நகரத் துறைமுகத்தில் வந்திறங்கும் அயலவராகவே அறிமுகமாகின்றனர். அயலவர்க்கென ஒதுக்கிய பகுதியில் தங்குகின்றனர். மொழியும் வழக்கமும் அறியாதவர்க்கு அந்நகரம் ஆபத்தானது. கழுவேற்றம் அங்கு வழக்கமான தண்டனை. புதிய உலகை வாசகர்க்கு எவ்வாறு அறிமுகம் செய்வது என்னும் சிக்கலைப் புனைகதையாளர் பலர் நீண்ட வருணனையால் தீர்க்க முயல்வர். பார்க்கரோ மாந்தரின் அறியாமையையும் ஆடுவோரின் அறியாமையையும் ஒன்றாக்கிவிடுகிறார். இருவரும் ஒருங்கே கற்கின்றனர். புலம்பெயர்ந்தோர் வரலாற்றைப் பயிலும் நமக்கு இவ்வமைப்பு அந்நியமானதன்று.

எனினும் கற்பவை எவை என்னும் வினா எழுகின்றது. இவ்வுலகில் அடிமைமுறை இயல்பு; நரபலி சட்டத்திற்கு உட்பட்டது; குலமே ஒருவரின் இடத்தை வரையறுக்கின்றது. பிற பண்பாட்டை நம் அளவுகோலால் அளக்கலாகாது என்னும் மானிடவியல் பார்வையாக இதனைக் கொள்ளலாம். பலரும் அவ்வாறே கொண்டனர். ஆனால் விதிகளை நோக்குமிடத்து வேறொன்று புலப்படுகின்றது. மாந்தர் மேம்படுவது பகைவரைக் கொல்வதாலும் செல்வம் ஈட்டுவதாலும் ஆகும். அடிமையை விடுவிப்பவருக்கு விதியில் பரிசில் ஏதுமில்லை. ஒழுங்கைக் கேள்விக்குட்படுத்துவதைவிட அதனுள் பொருந்துவதே ஆதாயம் என்பதை நூல் சொல்லாமற் சொல்கின்றது.

2022உம் சுவைஞர் குழுவும்

பார்க்கர் 2012இல் மறைந்தார். 1991இல் புனைபெயரில் வெளியான ‘சர்ப்பன்ட்ஸ் வாக்’ என்னும் நாசிசச் சார்பு நாவலை எழுதியவர் அவரே என்பதை டேக்குமெல் அறக்கட்டளை 2022இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அந்நாவல் முன்வைக்கும் அனைத்தையும் மறுத்து விலக்குவதாகவும் அறிவித்தது. யூத இன அழிப்பை மறுக்கும் இதழொன்றின் ஆலோசனைக் குழுவில் அவர் இடம்பெற்றிருந்ததும் தெரியவந்தது. செம்பழுப்பு நிற மக்களின் நாகரிகத்தை இத்துணை நுட்பமாகப் படைத்தவரே வெள்ளை இனவாத நாவலையும் எழுதினார் என்பது, பிற பண்பாட்டைப் பற்றிய அறிவு தானாகவே மதிப்பாக மாறிவிடாது என்பதைக் காட்டுகின்றது. மொழி பயிற்றும் நாம் இதனை எளிதில் கடந்துவிடலாகாது.

இந்நிலையில் ‘படைப்பு வேறு, படைத்தவர் வேறு’ என்று அமைதி கொள்வோர் உளர். நாவலுக்கே ஐயத்திற்குரிய இவ்விடை ஆட்டத்திற்கு அறவே பொருந்தாது. ஏனெனில் படைத்தவர் ஒருவர் மட்டுமல்லர். சமூகவியலாளர் கேரி அலன் ஃபைன் மினியாபொலிசில் ஆடுவோரிடையே களப்பணி செய்து 1983இல் வெளியிட்ட ‘ஷேர்ட் ஃபேன்டசி’ நூல், பார்க்கரின் உலகுக்குத் தனி இயல் ஒதுக்கியுள்ளது. இவ்வாட்டங்களை ஆடுவோர் கூடிப் படைக்கும் சமூக உலகங்களாகவே அந்நூல் காண்கின்றது. நூலாசிரியர் வகுப்பது இலக்கணம் எனில், மேசையில் நிகழ்வதே பேச்சு. பல்லாண்டுகளாகப் பல மேசைகளில் அப்பேச்சு வளர்ந்துள்ளது. அதனை முற்றாக ஒதுக்குவது, ஆடியோர் அனைவரின் பங்கையும் ஒருவர் கணக்கில் எழுதுவதாகிவிடும்.

ஆயினும் பங்கு இருக்குமிடத்துப் பொறுப்பும் உண்டு. இலக்கணம் சில தொடர்களை எளிதாக்குகின்றது, சிலவற்றை அரிதாக்குகின்றது. விதியில் பரிசில் இல்லாததற்கு மேசை பரிசில் தரலாம். நடுவர் விதியைத் திருத்தலாம். அவ்வுரிமையை இவ்வாட்டமரபு தொடக்கமுதலே வழங்கியுள்ளது. அதனைப் பயன்படுத்தாமல், உலகின் ‘உண்மைத்தன்மை’ கெடும் என்று ஆசிரியரின் குறிப்புகளையே வேதவாக்காகக் கொள்ளும் சுவைஞர் மனப்பாங்குதான் திறனாய்வுக்கு உரியது.

முடிவுரை

சோல்யானி மொழியின் கட்டமைப்பும் அயலவராகத் தொடங்கும் உத்தியும் இந்நூலை அதன் வகையில் குறிப்பிடத்தக்க ஒன்றாக்குகின்றன. படிநிலையை வினவாது ஏற்கும் அதன் விதிகள் அதன் குறை. 2022இன் செய்தி அக்குறையைப் புதிதாக உண்டாக்கவில்லை. முன்பே நூலில் இருந்ததை மறுவாசிப்புச் செய்யும் கடமையை நம்மீது சுமத்தியுள்ளது. இத்தகைய ஆட்டங்களை ஆராய விழைவோர் அச்சிட்ட விதிநூலையும் மேசையில் நிகழும் பேச்சையும் இரு பனுவல்களாகக் கொண்டு ஒப்பிட்டு ஆராய்தல் வேண்டும். ஒன்றை விடுத்து மற்றொன்றை மட்டும் நோக்கும் ஆய்வு, ஆசிரியரையோ ஆடுவோரையோ தேவைக்குமேல் பாராட்டவோ பழிக்கவோ நேரிடும்.