உடன்பிறப்பு என்னும் விளி: எம்.ஜி.ஆரின் மேடைமொழியும் எல்லைப்புற மொழிபெயர்ப்பும்

எம்.ஜி.ஆரின் ஆட்சிக்காலத்தை மொழியியலார் 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம், 1981இல் மதுரையில் நிகழ்ந்த உலகத் தமிழ் மாநாடு, அதே ஆண்டில் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகம் ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிடுவது வழக்கம். அவரை மக்களோடு பிணைத்த மொழிக்கூறு மேடை வழக்கு என ஒதுக்கப்படுகிறது. 'என் இரத்தத்தின் இரத்தமான உடன்பிறப்புகளே' என்னும் விளித்தொடரே அது. எம்.எஸ்.எஸ். பாண்டியனின் 'தி இமேஜ் டிராப்' (1992) என்னும் ஆங்கில நூல் அவருடைய செல்வாக்கைத் திரைப்படிமத்தின் வழி விளக்குகிறது. அவ்விளக்கத்தோடு விளிமொழியையும் சேர்த்துக் காண்பது இன்றியமையாதது.

திராவிட இயக்கத்தில் உறவுமுறை விளி புதிதன்று. அண்ணா தம் மடல்களில் 'தம்பி' என விளித்தார். அதற்கு 'அண்ணன்' என்னும் எதிர்விளி உண்டு. மு. கருணாநிதியின் முரசொலி மடல்கள் 'உடன்பிறப்பே' என ஒருமையில் விளித்தன. உடன்பிறப்பு தொழிலாகுபெயர், பாலையும் வயதையும் சுட்டாதது. ஆதலின் 'தம்பி'யில் இடம்பெறாத பெண்களும் இச்சொல்லில் அடங்குவர். 1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டுப் புதுக்கட்சி தொடங்கிய எம்.ஜி.ஆர். இச்சொல்லைக் கைவிடவில்லை. அதைப் பன்மையாக்கி, முன்னே ஓர் அடையைச் சேர்த்தார். இயக்கத்தின் தனித்தமிழ் விருப்பத்திற்கேற்பக் 'குருதி' என்னாமல், வீட்டு வழக்கிலுள்ள 'இரத்தம்' என்றதே அவ்வடைக்கு உறவுப்பொருளைத் தந்தது. பின்னர் அவ்வடையே பெயராகி, கட்சித் தொண்டரைச் செய்தித்தாள்கள் 'இரத்தத்தின் இரத்தங்கள்' எனக் குறித்தன.

இலங்கையின் நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்த அவருடைய குடும்பம் பாலக்காட்டைச் சேர்ந்தது. தாய் சத்தியபாமாவின் ஊர் வடவன்னூர். கட்சிப் பிளவிற்குப்பின் எதிர்ப்பாளர் அவரை 'மலையாளி' எனச் சுட்டினர். பிறப்பைக் கொண்டு விலக்க முயன்றோர்க்குப் பிறப்பைக் குறிக்கும் சொல்லே விடையாயிற்று எனலாம். 1967இல் துப்பாக்கிச் சூட்டினால் அவர் பேச்சுத்தெளிவு குன்றியது. அந்நிலையில், கேட்போர் முன்பே அறிந்த நிலைத்தொடர் ஒன்று மிகுந்த பயன் தந்திருத்தல் இயல்பு.

ஆயினும் இவ்விளிக்கு எதிர்விளி இல்லை. உடன்பிறப்புகள் என அழைக்கப்பட்டோர் அவரை 'உடன்பிறப்பே' என மறுமொழிந்திலர். 'தலைவர்', 'வாத்தியார்' என்றே அழைத்தனர். சொல் சமநிலை கூறுகிறது. வழக்கு ஏற்றத்தாழ்வு காட்டுகிறது. 1977இல் முதலமைச்சரான அவருடைய வெகுசன அரசியலின் இயல்பு இம்முரணில் வெளிப்படுகிறது. உறவினராகிவிட்ட தலைவரிடம் கணக்குக் கேட்பது எளிதன்று.

மலையாளத்தில் பெயர்ப்போர்க்கு இம்முரணைக் காப்பதே கடினம். பாலக்காட்டின் சித்தூர், இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு ஆகிய வட்டங்களில் இரு மொழியும் அறிந்தோர் பலர். 1956இல் மாநிலங்கள் மொழிவழிப் பிரிந்தபோது இப்பகுதிகள் கேரளத்தில் அமைந்தன. இங்கு இடதுசாரி மேடையின் 'சகாவு', 'தோழர்' ஆகிய விளிகள் பழக்கமானவை. அவை இருதிசை விளிகள். தலைவரும் தொண்டரும் ஒருவரையொருவர் அவ்வாறே அழைப்பர். ஆகவே 'சகாக்களே' எனப் பெயர்த்தால் பொருள் திரியும். 'சகோதரங்ஙளே' என்பது எம்மேடைக்கும் உரிய பொதுவிளி. 'கூடப்பிறப்புகளே' என்பதே சொல்லமைப்பிலும் பொருளிலும் மூலத்தை நெருங்குகிறது. ஆனால் அது வீட்டுச்சொல்லாகவே நிற்கும், கட்சி வரலாற்றைச் சுமக்காது. இக்குறையை அடிக்குறிப்பினால் நிரப்பலாம். ஆங்கிலத்தில் 'பிரதர்ஸ்' என்பதோ பெண்களை விலக்கிவிடும்.

எனவே அவர் வாழ்க்கையைப் பெயர்ப்போர், அவர் மக்களை அழைத்த சொல்லையும் மக்கள் அவரை அழைத்த சொல்லையும் அருகருகே வைத்துப் பெயர்த்தல் வேண்டும். ஒன்றை மட்டும் காத்தால் அன்போ அதிகாரமோ மட்டுமே எஞ்சும். அவ்விரண்டும் ஒரே தொடரில் இயங்கியதைப் படிப்போர் உணரமாட்டார்.