மேகத்துக்கு அப்பால் பார்க்கும் சிப்

மார்க்கையன்கோட்டை வயல்களில் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் நிற்கும் நடவுக்காலத்தில், மேற்கு மலையிலிருந்து மேகம் இறங்கினால் கேமரா வைத்த செயற்கைக்கோளுக்கு வெண்மை மட்டுமே தெரியும். இஸ்ரோ 2012 ஏப்ரல் 26-ல் ஏவிய ரிசாட்-1க்கு அந்தத் தடை இருந்ததில்லை. அதன் ரேடார் அலை 5.35 கிகாஹெர்ட்ஸ், மேகத்தை ஊடுருவிவிடும். தண்ணீர் கட்டிய வயல் படத்தில் கறுப்பாக விழும், நெல் வளர வளர வெளுக்கும்.

அதன் ஆன்டெனா 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம். என் மனம் நிற்பது அதற்குள் இருக்கும் நுண்ணலைச் சிப்களில்தான். தேர்வடத்தை ஒரு பக்கத்தார் கணம் தாமதித்து இழுத்தால் தேர் திரும்புமே, அப்படித்தான் அலைக்கற்றையும். ஒவ்வொரு ஆன்டெனாத் துண்டுக்கும் அலையைச் சற்றே தாமதப்படுத்தி அனுப்பினால், எதுவும் அசையாமலே கற்றை திரும்பிவிடும். இந்தத் தாமதத்தைத் தருவது கட்டமாற்றி. அது 6 பிட் என்றால் 64 நிலைகள், ஒவ்வொன்றுக்கும் இடையே 5.625 பாகை இடைவெளி.

இதையெல்லாம் காலியம் ஆர்சனைடு தகட்டில், டிரான்சிஸ்டர், மின்தேக்கி, சுருள் எல்லாம் சேர்த்தே வார்க்கிறார்கள். இந்த அதிர்வெண்ணில் ஒரு மில்லிமீட்டர் கம்பிகூடக் கணக்கைக் கெடுக்கும். தனித்தனியாகப் பற்றவைத்தால் நூற்றுக்கணக்கான தொகுதிகள் ஒரே மாதிரி அமைவது பெரும்பாடு. சுருளின் நடுமுனையை வெளியே கொண்டுவர, தங்கக் கோடு மற்றக் கோடுகளைத் தொடாமல் காற்றில் வளைந்து தாண்டுகிறது. இப்படியொரு வேலைப்பாட்டுக்கு மரியாதை செய்யத்தான் வேண்டும். ஹைதராபாத்தின் கேடெக் ஆலை இத்தகைய சிப்களை உருவாக்குகிறது.

ரிசாட்-1 செய்த வேலையை, 2022 பிப்ரவரி 14-ல் ஏவப்பட்ட இஓஎஸ்-04 தொடர்கிறது.