காயலான் கடைக்குப் போகாத இரும்பு

"உங்கட ஆக்கள் எதையும் திருத்த மாட்டினம். பழசை நிறுத்து வித்துப்போட்டுப் புதுசு வாங்குவினம்." யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த பெரியம்மா மகன் இப்படிச் சொன்னபோது, எங்கள் தெரு ஆசாரி எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து, அவருடைய அப்பா காலத்து இழைப்புளியின் அலகைத் தீட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் வயதில் மூத்தவர், வீட்டுக்கு வந்த விருந்தாளி. எதிர்த்துப் பேசுவது மரியாதையில்லை என்று அன்று விட்டுவிட்டேன். ராமநாதபுரத்துக்காரனைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தையா அது? தண்ணியில்லாக் காடு என்று ஊரெல்லாம் சொல்கிற மண்ணில் பிறந்தவர்கள் நாங்கள். எதையும் அவ்வளவு சுலபமாகத் தூக்கி எறிய எங்களுக்கு வராது.

எங்கள் கரையில் இந்த வார்ப்பிரும்பு இழைப்புளிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் நியூ பிரிட்டனில் ஸ்டான்லி கம்பெனி, லியனார்டு பெய்லியின் காப்புரிமைகளை 1869-இல் வாங்கிச் செய்யத் தொடங்கிய அமைப்பைத்தான் உலகம் இன்றும் பின்பற்றுகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ரெக்கார்டு கம்பெனி 1931-இல் அதே அமைப்பை நீல வண்ணம் பூசி விற்க வந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும் கொழும்புச் சாமான் எங்கள் பக்கம் வர வழி பிறந்தது. சோப்பும் துணியும் வந்த பெட்டிகளில் கருவிகளும் வந்தன. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன பிறகும், ராமேஸ்வரத்திலிருந்து 1980-களின் தொடக்கம் வரை கப்பல் போய்வந்தது. ஆகவே இங்கே ஒரு பட்டறையில் கிடக்கும் ரெக்கார்டு 05-ம், அங்கே ஒரு பட்டறையில் கிடக்கும் ரெக்கார்டு 05-ம் ஒரே கப்பலில் ஏறியவையாகக்கூட இருக்கலாம்.

பெயர் மட்டும் கரைக்குக் கரை மாறும். நாங்கள் இழைப்புளி என்போம், அவர்கள் சீவுளி. எங்களுக்குத் துரு, அவர்களுக்குக் கறள். நாங்கள் 'சரி பண்ணுவோம்', அவர்கள் 'திருத்துவார்கள்'. தச்சு வேலைக்காரரை இங்கே ஆசாரி என்றால், அங்கே சிங்களவரும் தமிழரும் 'பாஸ்' என்கிறார்கள்; டச்சுக்காரன் விட்டுப்போன சொல். ஆனால் மரக்கலம் கட்டுகிறவருக்குக் கீழக்கரையிலும் ஓடாவிதான், அந்தக் கரையிலும் ஓடாவிதான். கடலோரத்துச் சொல் கடலைத் தாண்டுவதற்குக் கஷ்டப்படவில்லை.

இனி வேலைக்கு வருகிறேன். பாம்பன் காற்றில் உப்பு எப்போதும் உண்டு. ஒரு மழைக்காலம் எண்ணெய் காட்டாமல் வைத்தால் போதும், அலகு உட்காரும் சாய்மேடைக்கும் உடலுக்கும் நடுவே துரு புகுந்து திருகுகளைப் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டுத் திருப்புளியால் நெம்பினால் திருகின் தலை சிதையும். எங்கள் ஆட்கள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, நாளுக்கு இரண்டு முறை மரச்சுத்தியால் லேசாகத் தட்டிக் காத்திருப்பார்கள். பிரித்த பிறகு புளிக்கரைசல். நல்ல பழம்புளியைக் கெட்டியாகக் கரைத்து இரவு முழுக்க ஊறவைத்தால் காலையில் துரு கறுத்துக் குழம்பாகி, தேங்காய் நாரால் தேய்த்தாலே வந்துவிடும். உடனே சலவைச் சோடா போட்டுக் கழுவி, வெயிலில் சுடச்சுடக் காயவைத்து, எண்ணெய் தடவ வேண்டும். வள்ளத்துக்குப் பூசி மீந்த சுறா எண்ணெயைத் தடவுகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீச்சம் அடிக்கும், ஆனால் உப்புக்காற்று அந்த இரும்பை அண்டாது.

யாழ்ப்பாணத்தில் அண்ணன் என்னை அழைத்துப்போன பட்டறையில் புளிக்குப் பதில் வினாகிரி. தென்னங்கள்ளில் செய்த வினாகிரி அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கிறது; வேலையும் சுத்தமாகத்தான் செய்கிறது. கரைசல் தெளிவாக இருப்பதால் துரு விடுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்றார் அந்தப் பட்டறைக்காரர். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் புளியில் ஊறிய இரும்பின் மேல் கரும்படலம் ஒன்று தங்கும். வினாகிரியில் ஊறி வெளுத்து நிற்கும் இரும்பைவிட எனக்கு அதுதான் பிடிக்கிறது.

அடிப்பாகத்தைச் சமன்படுத்தும் வேலையில் இரு பக்கமும் ஒரே முறைதான். அங்கே கண்ணாடிப் பலகை மேல் வால்வு தேய்க்கும் பசை. இங்கே கட்டடத்தில் மிஞ்சிய கிரானைட் துண்டின் மேல் உப்புத்தாள். அடியில் பென்சிலால் குறுக்குக் கோடுகள் போட்டுத் தேய்த்தால், முன்முனை, வாயின் முன்விளிம்பு, பின்முனை மூன்றிலும் கோடு அழிய வேண்டும். அலகை உள்ளே இழுத்து, ஆனால் முடுக்கி வைத்துத்தான் தேய்க்க வேண்டும். முடுக்கும்போது வார்ப்பு மயிரிழை வளையும். கழற்றி வைத்துத் தேய்த்த சமன், மாட்டியதும் போய்விடும். இதை எங்கள் ஆசாரியும் சொன்னார், அந்தப் பட்டறைக்காரரும் சொன்னார்.

வார்ப்பு விரிசல் விடும்போதுதான் எங்கள் ஊரின் கைத்திறனைப் பார்க்க வேண்டும். வார்ப்பிரும்பு கைதவறி சிமெண்டுத் தரையில் விழுந்தால் வாயோரத்தில் அல்லது பக்கச்சுவரில் கீறும். சாதாரண வெல்டிங் வைத்தால் அந்தக் கீறலுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று விடும். ஒரே இடத்தில் சூடேறி மற்ற இடம் குளிர்ந்திருப்பதை வார்ப்பு தாங்காது. எங்கள் பக்கத்து உலைக்காரர் முதலில் கீறலின் இரு முனையிலும் சின்னத் துளை போடுவார், அது மேலே ஓடாமல் நிற்க. பிறகு கீறலை அரத்தால் பள்ளமாக்கி, முழு உடலையும் கரி உலையில் மெல்லச் சூடேற்றுவார். கரி எங்கள் மாவட்டத்துச் சீமைக்கருவேலக் கரி. எங்கள் நிலத்தைக் கெடுத்த மரம் என்று திட்டிக்கொண்டே அதை மூட்டம் போட்டு ஊர் ஊராக அனுப்புகிறோம். அதன் கங்கு நின்று எரியும், சட்டென்று சாம்பலாகாது. உடல் மங்கிய சிவப்புக்கு வரும்போது கேஸ் சுடரில் பித்தளைக் குச்சியை உருக்கிக் கீறலில் ஓடவிடுவார். வெள்ளைப் பொடி தூவிய இடத்தில் பித்தளை தண்ணீராய்ப் பரவி உள்ளே இறங்கும். முடிந்ததும் காற்றே படாமல் சாம்பலுக்குள் புதைத்துவிடுவார். மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது. எடுத்துத் தேய்த்தால் கறுப்பு இரும்பில் மஞ்சளாக ஒரு கோடு தெரியும். அந்தக் கோடோடு அந்த இழைப்புளி எத்தனையோ வருஷம் ஓடும்.

அலகு தேய்ந்து குட்டையானால் லாரி ஸ்பிரிங் பட்டை இருக்கிறது. அதை வெட்டி, நெருப்பில் காட்டி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி மெல்லச் சூடுகாட்டி வைக்கோல் நிறம் வரும்போது நிறுத்துவார்கள். ஷெஃபீல்டு அலகு அளவுக்குக் கூர் நிற்காதுதான். ஆனால் எங்கள் ஆசாரிகள் இழைப்பது என்ன மரம்? பழைய வத்தையின் பலகை. அதில் மணல் ஏறியிருக்கும், உள்ளே முறிந்த ஆணி ஒளிந்திருக்கும். நூறு வருஷத்து நல்ல அலகை அதில் ஓட்டிப் பல் விழவைக்க யாருக்கு மனம் வரும்? ஆழம் கூட்டிக் குறைக்கும் பித்தளை மரையை ராமநாதபுரத்து லேத்தில் கடைந்து வாங்கலாம். ஸ்டான்லியில் அது இடப்புரி மரை என்பதைச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.

யாழ்ப்பாணத்துப் பட்டறைக்காரர் இப்படி எதையும் செய்வதில்லை. பழைய அலகு தேய்ந்தால் அதே கம்பெனியின் பழைய அலகைத் தேடி வாங்குகிறார். கறுப்பு எனாமல் உரிந்திருந்தால் அதே கறுப்பு. எங்கள் ஊரில் படகுக்கு வாங்கிய பச்சையோ நீலமோ மிச்சமிருந்தால் அதைப் பூசுவோம் என்று சொன்னேன். அவர் முகம் சுளித்ததை இன்னும் மறக்கவில்லை. பிடியை முதிரையில் செதுக்கி, எண்ணெய் ஊட்டி மெருகேற்றியிருந்தார். பார்க்கத் தங்கம்தான். எங்கள் பிடி பூவரசு. அது வழுவழுப்பாக இல்லை, ஆனால் வியர்த்த கையில் நழுவாது. படகுத்துறையில் எந்தக் கை வியர்க்காமல் இருக்கிறது?

அவர்கள் அப்படிச் செய்வதற்குக் காரணம் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தெற்கே மொறட்டுவையில் காலி வீதி நெடுக மேசை, அலமாரிக் கடைகள். தேக்கும் மகோகனியும் காய்ந்த மரம். கண்ணாடி போல மேற்பரப்பு வேண்டும். அந்த வேலைக்குச் செம்மையான வாயும் நல்ல உருக்கும் வேண்டும்தான். வடக்கே போர்க்காலத்தில் மண்ணெண்ணெயும் பேட்டரியும் சிமெந்தும் தடைப்பட்டிருந்தபோது பழைய ஆஸ்டினையும் மொரிஸ் மைனரையும் ஓடவைத்த மக்கள் அவர்கள். கையில் இருப்பதைக் காப்பாற்றாவிட்டால் வேறு இல்லை என்ற நிலையில் வளர்ந்த கை அது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரை போனதை அண்ணன் சொல்லாமல் எந்தப் பேச்சும் முடியாது. அதில் எனக்கும் பெருமைதான். எங்கள் கரையிலும் கீழக்கரை ஓடாவிகள் மரக்கலம் கட்டினார்கள் என்பதை அவர் ஒருமுறையாவது தாமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் பஞ்சகாலம் அவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. இந்தியாவில் 1950-களின் கடைசியில் அந்நியச் செலாவணி வற்றி இறக்குமதிக்குப் பூட்டுப் போட்டபின், 1991 வரை வெளிநாட்டுக் கருவி ஒன்று கையில் வருவது குதிரைக்கொம்பு. அவர்களுடைய மூடிய பொருளாதாரம் 1977-இல் திறந்துவிட்டது. ஒரு தலைமுறைக்கும் மேலாக ஒரே ரெக்கார்டை வைத்து ஓட்டிய ஆசாரிகளின் பிள்ளைகளைப் பார்த்து 'நிறுத்து விற்பவர்கள்' என்றால் கோபம் வராதா? இன்று ராமேஸ்வரத்தில் ஃபைபர் படகு வந்துவிட்டது, மின்சார இழைப்பு மெஷின் வந்துவிட்டது, பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போகிறார்கள். காயலான் கடையில் பழைய இழைப்புளி கிடப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். அதைக் கிலோக் கணக்கில் விலைபேசி மீட்டுக்கொண்டு போகிறவர்களும் எங்கள் ஊர் ஆட்கள்தான்.

யாழ்ப்பாணத்துப் பட்டறையின் மேல்தட்டில் ஒரு ரெக்கார்டு 07 இருந்தது. நீளமான உடல், நீல வண்ணம் பாதி நிற்கிறது, வாயிலிருந்து பக்கச்சுவர் வரை கீறல். தூக்கிப் போட மனமில்லாமல், திருத்தவும் வழி தெரியாமல் வைத்திருப்பதாகச் சொன்னார் பட்டறைக்காரர். எங்கள் உலைக்காரர் பித்தளை ஓட்டித் தருவார் என்றேன். கோடு தெரியுமே என்று தயங்கினார். அண்ணனும் அவர் பக்கமே பேசினார். தெரியத்தான் தெரியும், ஆனால் 22 அங்குல இழைப்புளி ஒன்று பலகை விளிம்பை நேராக்கும் வேலைக்குத் திரும்பி வரும் என்றேன். கடைசியில் அரைமனதாகச் சம்மதித்திருக்கிறார்கள். காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் வரும் கப்பலில், அலகைக் கழற்றி, உடலைத் துணியில் சுற்றி, கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். கரியும் பித்தளைக் குச்சியும் உலைக்காரர் கூலியும் என் பொறுப்பு.