மண்டையோடு டிக்கெட் விற்குமா?

வார்சாவின் விலானூஃப் அரண்மனையில், பழைய குதிரைப் பயிற்சிக் கூடத்தில் 1968இல் திறந்த போஸ்டர் மியூசியம்தான் உலகில் இவ்வகையில் முதலாவது. அதைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு நினைவுக்கு வருவது ரோமன் செஷ்லெவிச் 1963இல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'வுக்குச் செய்த போஸ்டர். ஒரு மண்டையோடு, அதன்மேல் வட்டத்துக்குள் வட்டம். ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் இல்லை, கிம் நோவாக்கும் இல்லை.

எங்க வேலையில் ஒரு பட்டனின் நிறத்தைக்கூட ஏ/பி டெஸ்ட் செய்துதான் முடிவெடுப்போம். ஸ்டூவர்ட்டின் முகத்தோடு மோதவிட்டிருந்தால் அந்த மண்டையோடு முதல் நாளே தோற்றிருக்கும். போலந்தில் அது பிழைத்ததற்குக் காரணம், படங்களை விநியோகித்தது அரசு. போஸ்டர் எதையும் விற்க வேண்டியதில்லை. கூடவே தணிக்கையும் இருந்தது. அதனால்தான் 'போலிஷ் போஸ்டர் பள்ளி'யைக் கலைச் சுதந்திரத்தின் பொற்காலம் என்று சொல்லும்போது கொஞ்சம் உறுத்துகிறது. சந்தையிடமிருந்து கிடைத்த சுதந்திரம் அது, அவ்வளவுதான். ஆனாலும் படங்கள் அபாரம், அதை எப்படி மறுப்பது?

1989 ஜூன் 4, தேர்தல் நாள். வார்சா சுவர்களில் தோமாஷ் சர்னெட்ஸ்கியின் சாலிடாரிட்டி போஸ்டர்: 'ஹை நூன்' கேரி கூப்பர், கையில் துப்பாக்கிக்குப் பதில் வாக்குச்சீட்டு. ஹாலிவுட் ஹீரோவின் முகம், இந்த முறை ஓட்டுக் கேட்டு.