பதினெட்டும் இரண்டும்

டேபிள் டென்னிஸ் புள்ளிவிவரக்காரர்கள் ஹங்கேரியின் மரியா மெட்னியான்ஸ்கியை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: உலகப் பட்டங்கள் 18. 1926-ல் லண்டனில் முதல் பெண் சாம்பியன். 1931 வரை நடந்த ஐந்து உலகப் போட்டிகளிலும் ஒற்றையர் பட்டம் அவருக்கே.

'அப்போ எத்தனை பேர் ஆடியிருப்பாங்க?' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. லண்டனில் பெண்கள் இரட்டையர் போட்டியே வைக்கவில்லை. அது அவர் குற்றமா?

எனக்கு 18-ஐவிடப் பெரிசாகத் தெரிவது 1932, 1933 இறுதி ஆட்டங்கள். இரண்டிலும் அவரைத் தோற்கடித்தவர் அன்னா ஷிபோஷ் - அவருடைய சொந்த இரட்டையர் ஜோடி! அந்த இரண்டு வருஷமும் இருவரும் சேர்ந்து ஆடி இரட்டையர் பட்டத்தை ஜெயித்தார்கள், 1934, 1935-லும்கூட.

தன் கிரீடத்தைப் பறித்தவரோடு ஒரே பக்கம் நின்று ஆட மனசு வேண்டும். அடுத்த தடவை யாராவது '18' என்றால், 'அந்த ரெண்டு தோல்வியையும் சேர்த்துச் சொல்லுங்க' என்று கேளுங்கள்.