சொஸ்தம், இரட்சிப்பு, உய்வு: மாற்கு ஐந்தாம் அதிகாரத்தின் தமிழ்ச் சொல்லாட்சி

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் வீரபாண்டிப் பிரிவில் பேருந்துக்காகக் காத்து நின்ற பொழுதொன்றில், அங்குள்ள சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பு ஒன்று எம் கருத்தை ஈர்த்தது. தீராத நோயினரும் கடனால் நொந்தோரும் பில்லி சூனியத்துக்கு அஞ்சுவோரும் வந்து விடுதலை பெறுக என அது அழைத்தது. பனியன் தொழிலகங்களில் இரவுப்பணி முடித்து வருவோர் சிலர் அதனை நின்று படித்தனர். 'சுகம்', 'விடுதலை', 'இரட்சிப்பு' என்னும் மூன்று சொற்கள் அதிற் பெரிய எழுத்திற் காணப்பட்டன. இம்மூன்றும் ஒரு பொருளனவா, வேறு பொருளனவா என்னும் ஐயம் அப்போது எமக்கு எழுந்தது. அவ்வையமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். அற்புதங்கள் நிகழ்ந்தனவா என்பது ஈண்டு ஆராய்ச்சிக்கு உரியதன்று. அவற்றைத் தமிழ் எவ்வாறு சொல்லிற்று என்பதே உரியது.

நற்செய்தி நூல்கள் நான்கனுள், கையற்ற நிலையினரை இயேசு மீட்ட செய்தியை மிகச் செறிவாகக் கூறுவது மாற்கு நூலின் 5-ஆம் அதிகாரம். கல்லறைகளிடையே திரிந்து, விலங்குகளை முறித்து, கற்களால் தன்னையே கீறிக்கொண்ட ஒருவன். 12 ஆண்டு குருதிப்போக்கினால் நலிந்த பெண்ணொருத்தி. இறக்குந் தறுவாயிலிருந்த 12 வயதுச் சிறுமியின் தந்தை யவீரு. இம்மூவரும் ஓரதிகாரத்துள் அடுத்தடுத்து வருகின்றனர். பெண்ணின் கதை யவீருவின் கதைக்கு இடையிற் செருகப்பட்டுள்ளது. அவளுக்காக நின்ற நேரத்தில் அச்சிறுமி இறந்துபடுகிறாள். ஒருத்தி நலம் பெறுதல் மற்றொருத்திக்குக் காலத்தாழ்வு ஆகின்றது. இவ்வமைப்பை வெறும் செய்தித் தொகுப்பு என ஒதுக்குதல் இயலாது. கதை கூறுவோரின் புலமை இதிற் புலப்படும்.

இப்பகுதியின் மூல கிரேக்கத்தில் 'சோசோ' என்னும் வினை மும்முறை பயில்கின்றது. தன் மகள் பொருட்டு யவீரு வேண்டும்போது ஒருமுறை (5:23). ஆடையைத் தொட்டாலே போதும் எனப் பெண் தன்னுள் எண்ணும்போது ஒருமுறை (5:28). அவளை மகளே என விளித்து இயேசு விடைகொடுக்கும்போது ஒருமுறை (5:34). அவ்வினை நோயினின்றும் பிழைத்தல், கடற்சேதத்தினின்றும் தப்புதல், இறுதித் தீர்ப்பினின்றும் மீளல் ஆகிய அனைத்துக்கும் பொதுவாய் நிற்பது. உடலும் உயிரும் அச்சொல்லிற் பிரிவதில்லை.

இனித் தமிழை நோக்குவாம். போவர் ஐயர் தலைமையில் அமைந்து, 1871-இல் முழுமையுற்று, இன்றளவும் சீர்திருத்தச் சபையார் இல்லங்களில் வழங்கும் மொழிபெயர்ப்பு, இம்மூன்றிடத்தும் மூன்று வேறு சொற்களை ஆள்கின்றது. யவீருவின் வாயில் அது 'ஆரோக்கியமடைதல்'. பெண்ணின் நெஞ்சில் அது 'சொஸ்தமாதல்'. இயேசுவின் மொழியில் அது 'இரட்சித்தல்'. மேலும், குணமாதலை மட்டும் குறிக்கும் வேறொரு கிரேக்க வினை 5:29-இல் வருகின்றது. அதற்கும் 'ஆரோக்கியமடைதல்' என்பதே பெயர்ப்பு. ஒரு சொல்லுக்கு மூன்று சொற்கள். இரு சொற்களுக்கு ஒரு சொல். மேலோட்டமாக நோக்குவார்க்கு இது கவனக்குறைவாகவே தோன்றும்.

யாமும் முதலில் அவ்வாறே கருதினோம். பின்னர்ப் பிற இடங்களை ஒப்பிட்டபோது அக்கருத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. இதே நிகழ்ச்சியை மத்தேயு கூறுமிடத்தில் (9:21-22) பெண் எண்ணுவதும் 'சொஸ்தம்'. ஆசிரியர் கூற்றாக முடிவில் வருவதும் 'சொஸ்தம்'. இடையில் இயேசு சொல்வது மட்டும் 'இரட்சிப்பு'. கண்ணொளி பெற்ற பர்திமேயுவிடமும் (மாற். 10:52), நன்றி கூற மீண்ட தொழுநோயாளனிடமும் (லூக். 17:19), நோய் ஏதுமின்றிப் பாவத்துக்கு வருந்தியழுத பெண்ணிடமும் (லூக். 7:50) அவர் அச்சொல்லையே ஆள்வதாகப் போவர் பெயர்ப்புக் காட்டுகின்றது. யவீருவின் மகள் பற்றி லூக்கா நூலில் (8:50) அவர் கூறுவதும் அதுவே. எனவே இங்கு ஒரு முறைமை உண்டு. வேண்டுவோர் வேண்டுவது உடல்நலம். வேண்டப்பட்டவர் தருவதாகச் சொல்வது அதனினும் பெரிது. இம்முறைமைக்குப் புறநடையும் இல்லாமலில்லை. மாற்கு 3:4-இல் இயேசுவின் கூற்றாக வரும் அதே வினைக்குக் 'காத்தல்' எனப் பெயர்த்துள்ளனர். அஃது ஒரு வினாவின்கண் வருவதாகலின் அமையும் என்க.

கிரேக்கத்தில் ஒரே சொல்லின் மயக்கத்தால் விளைந்த பொருளைத் தமிழ்ப் பெயர்ப்பாளர் இரு சொற்களின் முரணால் விளைத்தனர். மூலத்தில் அப்பெண் தான் அறியாமலே பெரியதை வேண்டினாள். தமிழில் சிறியதை வேண்டிப் பெரியதைப் பெற்றாள். இரண்டும் ஒன்றல்ல. முன்னதில் உடல்நலமே மீட்பின் முகமாய் நிற்கின்றது. பின்னதில் உடல்நலம் மீட்பின் வாயிற்படி ஆகிவிடுகின்றது. தமிழ்ச் சபைகளில் நோய் நீங்கியதை மட்டும் பேசுவோரும் ஆன்ம மீட்பை மட்டும் பேசுவோரும் தனித்தனி அணியாக நிற்றற்கு இச்சொற்பிரிவு ஓரளவேனும் இடந்தந்திருத்தல் கூடும். வீரபாண்டிச் சுவரில் மூன்று சொற்கள் வேண்டப்பட்டமையும் இதனாலேயே எனக் கருதுதற்கு இடனுண்டு.

1995-இல் வெளிவந்த திருவிவிலியம் வடசொற்களை நீக்கி எளிய நடையில் அமைந்தது. அதன்கண் 5:28 'நலம் பெறுதல்' எனவும், 5:34 'குணமாக்குதல்' எனவும் வருகின்றன. ஆனால் பாவத்துக்கு அழுத பெண்ணிடத்தில் 'மீட்டல்' வருகின்றது. பொருள் தெளிவாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆயினும், உடற்பிணிக்கு ஒரு சொல், உயிர்ப்பிணிக்கு ஒரு சொல் என்னும் பிரிவு இங்கு முற்றுப்பெற்றுவிட்டது. போவர் குழுவினர் நால்வரிடத்தும் ஒரு சொல்லை ஆண்டு காத்த உறவைப் புதிய பெயர்ப்பு கைவிட்டமை, எம் கருத்தில், இழப்பேயாம். தெளிவு ஒன்றையே அளவுகோலாகக் கொள்வோர் இதனை உடன்படார்.

சொல்லிழப்புக்கு மற்றோர் எடுத்துக்காட்டும் கூறலாம். அப்பெண்ணின் நோய்க்குப் பழைய பெயர்ப்பில் அமைந்த பெயர் 'பெரும்பாடு'. இது தமிழ் மருத்துவ நூல்கள் வழங்கும் நோய்ப்பெயர். முதுகலை வகுப்பில் இப்பகுதியை ஒருமுறை படிக்கச் செய்தபோது, மாணவர் ஒருவர் அதனை 'மிக்க துன்பம்' என்றே பொருள்கொண்டார். நோய்ப்பெயரென அவர் அறிந்திலர். பிழையான பொருள்தான், ஆயினும் வெறுக்கத்தக்க பிழையன்று. மருத்துவர் பலரிடம் சென்று, உள்ள பொருளெல்லாம் செலவிட்டு, முன்னையினும் நலிந்தாள் என மாற்கு கூறும் பெண்ணின் பாடு பெரும்பாடே அன்றோ? கிறிஸ்துவின் சிலுவைத் துன்பத்தையும் 'பாடு' என்றே தமிழ்க் கிறித்தவர் வழங்குவர். நோயாளியின் சொல்லும் நோய் தீர்ப்பவரின் சொல்லும் ஒன்றாய் இயையும் இடம் இது. மூலத்தில் நோயின் பெயரளவில் இவ்வியைபு இல்லை. தமிழ் தன் செல்வத்தினின்றும் அளித்தது. புதிய பெயர்ப்பின் 'இரத்தப்போக்கு' எவர்க்கும் விளங்கும், அவ்வளவே. (மருத்துவர் மீதான குறையை லூக்கா மென்மைப்படுத்திக் கூறுதலும், அவரை மருத்துவர் என்று மரபு கூறுதலும் ஒப்புநோக்கத் தக்கன.)

தமிழ் மரபில் இத்தகைய கதைகள் புதியன அல்ல. திருவதிகையில் திருநாவுக்கரசர் சூலை நீங்கிய வரலாற்றைச் சேக்கிழார் பாடிய முறையில், மாற்கின் பெண்ணுக்கு நிகரான கூறுகள் பல உள்ளன. சமணர் தம் மந்திரமும் பீலியும் கொண்டு முயன்றும் நோய் மிகுகின்றது, கைவிடுகின்றனர், தமக்கை திலகவதியாரின் கையால் திருநீறு பெற்றுப் பாடியபின் நோய் நீங்குகின்றது. இங்கு நோய் நீங்கலும் ஆட்கொள்ளப்படலும் இரு நிகழ்ச்சிகள் அல்ல. சூலையே ஆட்கொள்ளும் கருவி. ஆண்டவனே தந்த நோய் என்னும் இக்கருத்து மாற்கினிடம் இல்லை. கொங்குநாட்டுத் திருக்கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்க்கு வந்த குளிர்சுரம் நீங்கத் திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் நோயை வினையின் பயனாகக் காண்கின்றது. பிறவிக் குருடன் பொருட்டு, அவனோ பெற்றோரோ செய்த பாவம் காரணமன்று என இயேசு மறுத்ததாக யோவான் (9:3) கூறுவதோடு இதனை ஒட்டி நோக்கினால், இரு மரபுகளும் பிரியும் இடம் தெளிவாகும். எனினும் திமிர்வாதக்காரனிடம் முதலிற் பாவமன்னிப்பே பேசப்படுதலின் (மாற். 2:5), அப்பிரிவை மிகைப்படுத்தலும் தவறாகும்.

வீரபாண்டிக்கு அணித்தே உள்ள அவிநாசி, யவீருவின் இல்லத்தை நினைவூட்டுவது. சுந்தரர் அவ்வூர்த் தெருவில் வரும்போது ஒரு வீட்டில் பூணூல் மங்கல ஒலியும் எதிர்வீட்டில் அழுகை ஒலியும் கேட்கின்றார். முதலை விழுங்கிய மகன் இருந்திருந்தால் அவனுக்கும் அம்மங்கலம் நிகழ்ந்திருக்கும் என்பதே அழுகைக்குக் காரணம். பாடியதும் முதலை பிள்ளையைக் கரையிற் சேர்க்கின்றது, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு. இழந்த காலமும் மீள்கின்றது; இஃது அவிநாசிக் கதையின் தனிச்சிறப்பு. யவீருவின் மகளுக்கு உண்ணக் கொடுக்கும்படி இயேசு சொல்வது யவீருவின் கதைக்குச் சிறப்பு. ஒன்று வியப்பின் நிறைவு. மற்றொன்று வீட்டின் அன்றாடம். எமக்குப் பின்னதே நெஞ்சில் தைப்பது.

பேய் ஓட்டுதல் பற்றி ஒன்று கூறி அமைவாம். சங்க அகப்பாடல்களில் தலைவியின் மெலிவை முருகனால் வந்ததெனப் பிறழவுணர்ந்து, தாய் வேலனை அழைத்து வெறியாட்டு எடுப்பாள். தோழி அதனை நகுவாள். ஐங்குறுநூற்றில் வெறிப்பத்து என ஒரு பகுதியே உண்டு. பிறர் பெயரிட்டழைக்கும் நோய் வேறு, உற்றவள் அறிந்த நோய் வேறு என்னும் தெளிவு தமிழ்க்கவிதையில் அத்துணைப் பழமையுடையது. மாற்கில் கல்லறை மனிதனிடம் அவன் பெயரைக் கேட்கின்றார் இயேசு. சுவரறிவிப்புகளின் பில்லி சூனியத்தைவிட இவ்வினா சங்கத் தோழிக்கு அண்மையது.

'விடுதலை' என்னும் சொல்லுக்குரிய நல்லிடம் மாற்கில் அன்று, லூக்காவில் (13:10-17) உள்ளது. 18 ஆண்டு நிமிரவியலாத கூனியை விடுவித்தபின், ஓய்வுநாளில் எருதைத் தொழுவினின்று அவிழ்ப்பீரன்றோ, கட்டுண்ட இவளை அவிழ்த்தல் தகாதோ என்னும் கருத்துப்பட இயேசு வினவுகின்றார். பசு, பாசம் என்னும் சொற்களோடு வளர்ந்த சைவ மாணவர்க்கு இவ்வுவமையை விளக்கவேண்டியதில்லை. நாள் முழுதும் குனிந்து கைமடி வேலை செய்யும் பெண்களுக்கும் விளக்கவேண்டியதில்லை. ஆனால் சித்தாந்தத்தில் பசு உயிர். லூக்காவில் அவிழ்க்கப்படுவது ஒருத்தியின் முதுகெலும்பு.

இறுதியாக, 'சோசோ' என்பதற்கு இணையான ஒரு சொல் தமிழில் இல்லையா என்னும் வினா எஞ்சுகின்றது. உண்டு, 'உய்' என்பது அது. திருக்குறளில் செய்ந்நன்றியறிதலில் (110) அது அறத்தின் வழுவினின்றும் மீளலைக் குறிக்கின்றது. பெரியாரைப் பிழையாமையில் (896) தீயிற் பட்டும் உயிர் தப்பலை ஒருபாலும், பெரியோர்க்குத் தவறிழைத்தோர் தப்பாமையை மறுபாலும் ஒரே வினையால் குறிக்கின்றது. பத்தி இலக்கியத்தில் அதுவே வீடுபேற்றுச் சொல்லாயிற்று. தரங்கம்பாடியில் 1714-இல் அச்சேறத் தொடங்கிய சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு முதல், ஆறுமுக நாவலர் பார்சிவல் பாதிரியார்க்குத் துணைநின்று 1850-இல் வெளிவந்த பெயர்ப்பு உட்பட, வழிவழி முயன்றோர் கையில் இச்சொல் 'இரட்சிப்பு' என்பதன் இடத்தைப் பெறவில்லை. காப்பிய மரபில் தோய்ந்த எச். ஏ. கிருட்டிணபிள்ளையும் 1894-இல் வெளிவந்த தம் பெருநூலுக்கு 'இரட்சணிய யாத்திரிகம்' என்றே பெயரிட்டார். சைவ வைணவ மணம் கமழும் சொல் என அஞ்சினர் போலும். அன்றேல் உலகவழக்கில் அது தேய்ந்துவிட்டதனால் விலக்கினர் போலும். பின்னதே வலிய காரணம் எனத் தோன்றுகின்றது. 'உய்வித்தது' என்று இன்று சுவரில் எழுதினால் நின்று படிப்பார் இலர்.

உலகவழக்கில் உயிரோடிருக்கும் சொல் 'பிழை' என்பதே. நோயினின்றும் தப்பியவன் பிழைத்தான், வேலைக்காகத் திருப்பூர் வந்தவர் பிழைக்க வந்தவர், தவறியவன் பிழைசெய்தான், அவன் வேண்டுவது பிழைபொறுத்தல். உடல் தப்பல், ஊண் தேடல், குற்றம் ஆகிய மூன்றும் பலபொருள் ஒருசொல்லாய் அதன்கண் அடங்குகின்றன. போவர் பெயர்ப்பில் யவீருவின் வேண்டுகோள் முடிவதும் இச்சொல்லிலேயே. ஆனால் 'சோசோ'வுக்கு அன்று, அதனை அடுத்து வரும் 'வாழ்தல்' என்னும் வினைக்கு. ஒரு சொல் தள்ளி அமர்ந்துவிட்டது.