வேட்டையனுக்குக் கைதட்டிய நாம்: 'மணிச்சித்ரதாழ்', 'சந்திரமுகி' குறித்து

1

பேயோட்டுகிற பூசாரி முதலில் கேட்பது பேரும் ஊரும். 'யார் நீ, எந்த ஊரு, எங்க பிடிச்ச?' திருவண்ணாமலையிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் பஸ் ஏறுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேர் சொல்லிவிட்டால் பாதிப் பேய் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஒரே பேய்க்கதையைப் பல மொழிகளில் எடுத்த சினிமாக்காரர்களும் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறார்கள். மது முட்டம் எழுதி பாசில் இயக்கி 1993 டிசம்பரில் வெளிவந்த மலையாள 'மணிச்சித்ரதாழ்' படத்தில் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசுகிறாள். பி. வாசு 2004இல் கன்னடத்தில் எடுத்த 'ஆப்தமித்ரா'வில் நாட்டியக்காரியின் மொழி தெலுங்கு. அவரே 2005 ஏப்ரல் 14 அன்று தமிழுக்குக் கொண்டுவந்த 'சந்திரமுகி'யிலும் தெலுங்கு. பிரியதர்ஷனின் இந்தி 'பூல் புலையா'வில் (2007) வங்காளம். ஆக, பேய் எப்போதும் அடுத்த வீட்டு மொழிக்காரி. நம் வீட்டுப் பெண்ணுக்குக் கோபம் வராது. வந்தால் அது வெளியிலிருந்து வந்தது. நான்கு மொழிகளிலும் மாறாமல் இருப்பது இந்த ஏற்பாடு ஒன்றுதான்.

2

மூலப்பிரதி எளிமையானதல்ல. மாடம்பள்ளித் தறவாட்டின் காரணவர் சங்கரன் தம்பி தஞ்சாவூரிலிருந்து நாட்டியக்காரியைக் கொண்டுவந்து வைக்கிறார். அவளுக்கோ எதிர்வீட்டு ராமநாதன்மேல் காதல். கொன்றுவிடுகிறார். பல தலைமுறை கழித்து அந்த வீட்டுக்கு மருமகளாக வரும் கங்கா, பூட்டிய தெக்கினியைத் திறந்து நாகவல்லியாகிறாள். அவள் கடைக்குக் கிளம்புகிறாள், கணவன் நகுலன் போகவேண்டாம் என்கிறான். அந்த இடத்தில்தான் தமிழ் வெடிக்கிறது, கட்டில் தூக்கப்படுகிறது. ஒரு சாதாரண 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு நூறு வருஷத்து ஆத்திரம் பதிலாக வருகிறது.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஷோபனாவின் ஒரே உடலுக்கு இரண்டு குரல்கள். கங்காவுக்கு பாக்யலட்சுமி, நாகவல்லிக்குத் தமிழ்க் குரல்கலைஞர் துர்கா. தேசிய விருது ஷோபனாவுக்குக் கிடைத்தது. நாகவல்லியின் குரல் யாருடையது என்பது பல வருஷங்கள் வெளியே தெரியாமலே கிடந்தது. தமிழ்க்காரி பேசுவாள், பேர் இருக்காது! படம் எடுக்கப்பட்ட இடங்களில் ஒன்றான பத்மநாபபுரம் அரண்மனையும் இப்படித்தான்: மண் கன்னியாகுமரி மாவட்டம், நிர்வாகம் கேரள அரசு. எல்லை எங்கே முடிகிறது, 'மற்றவள்' எங்கே தொடங்குகிறாள் என்பது அந்தப் படத்திலேயே குழம்பித்தான் கிடக்கிறது. அந்தக் குழப்பமே அதன் பலம்.

3

'சந்திரமுகி' கதையைப் பெரிதாக மாற்றவில்லை, முகத்தை மாற்றியது. மூலத்தில் சங்கரன் தம்பி பெரும்பாலும் ஓவியமாகவும் வாய்வழிக் கதையாகவும் மட்டுமே இருக்கிறார். மருத்துவர் சன்னி (மோகன்லால்) வேறு ஆள். தமிழில் மருத்துவர் சரவணனும் ரஜினி, குணசேகரனின் தலையை வெட்டி சந்திரமுகியை உயிரோடு கொளுத்திய வேட்டையனும் ரஜினி. குணப்படுத்துகிறவனும் கொன்றவனும் ஒரே உடலில்.

இது ஒரு அபாரமான சாத்தியம். மருத்துவ அதிகாரமும் அரச அதிகாரமும் பெண்ணுடல்மீது ஒன்றுபோலத்தான் செயல்படுகின்றன என்று பிரதி தன்னையறியாமல் ஒப்புக்கொண்ட இடம் இது. ஆனால் நட்சத்திர பிம்பம் அந்தச் சாத்தியத்தை விழுங்கிவிடுகிறது. 'லக லக' வந்ததும் தியேட்டர் எழுந்து நின்றது, தெருப் பிள்ளைகள் எல்லாம் அதைச் சொல்லித் திரிந்தார்கள். யாருக்குக் கைதட்டினோம்? ஒரு பெண்ணைக் கொளுத்தியவனுக்கு.

'இதெல்லாம் பொழுதுபோக்குங்க, எழுபதுகளின் வில்லன் ரஜினி திரும்பி வந்த சந்தோஷம்' என்று நண்பர்கள் சொல்வார்கள். அந்தச் சந்தோஷம் எனக்கும்தான் இருந்தது. ஜோதிகாவின் கண்களும் பொய்யில்லை. ஆனால் சந்தோஷம் எதை மறக்கச் செய்கிறது என்று கேட்பதுதானே விமர்சகனின் வேலை? 2024இல் 'வேட்டையன்' என்பது என்கவுண்டர் செய்யும் போலீஸ் அதிகாரியின் கதைக்குத் தலைப்பாகிவிட்டது. அந்தப் படம் என்கவுண்டரைக் கேள்வி கேட்கிறது என்பது வேறு. கொன்றவனின் பேர் கௌரவமான பேராகிவிட்டது. சந்திரமுகி என்ற பேரோ இன்றும் பயமுறுத்தத்தான் பயன்படுகிறது.

4

சரி, ஏன் தெலுங்கு? தஞ்சாவூர் நாட்டியக்காரி தமிழ்த்திரைக்கு வரும்போது ஊர் திரும்பியிருக்க வேண்டியவள். அவளை ஆந்திராக்காரியாக்கி அனுப்பிவிட்டோம். வேடிக்கை என்னவென்றால், நாயக்கர், மராட்டியர் கால தஞ்சை அரசவையில் ஆடியவர்கள் தெலுங்குப் பதங்களுக்குத்தான் பெரும்பாலும் அபிநயம் பிடித்தார்கள். 1943இல் தமிழிசைச் சங்கம் தோன்ற வேண்டியிருந்ததற்கே அந்தத் தெலுங்கு ஆதிக்கம் ஒரு காரணம். அதாவது தெலுங்கில் ஆடுகிறவள் அந்நியள் அல்ல. நம் கோயில்களிலும் அரண்மனைகளிலும் ஆடியவள். 1947இல் பொட்டுக்கட்டுவதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்ததே, அந்த வரலாற்றைச் சேர்ந்தவள். அவளை நம்மவள் என்று ஒப்புக்கொண்டால், அவளைக் கொண்டுவந்து வைத்த வேட்டையன் யார், எந்த நிலத்துக்காரன், எந்தச் சாதிக்காரன் என்று கேட்க வேண்டிவரும். மொழியை மாற்றியதில் இந்தக் கேள்வி தப்பிவிட்டது.

5

செஞ்சி வட்டாரத்தில் 1990 வாக்கில் தங்கிப் பேயோட்டுச் சடங்குகளை ஆராய்ந்த இஸபெல் நபகோவ் 2000இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் பார்த்தவரை, பேய் பிடிப்பது பெரும்பாலும் புதிதாகக் கல்யாணமான பெண்களுக்கு; பிடிப்பது அகாலத்தில் செத்த ஆண்களின் ஆவி; சடங்கின் முடிவில் பெண் கணவனிடம் திரும்ப ஒப்படைக்கப்படுகிறாள். சினிமா ஆண்பேயைப் பெண்பேயாக்கியது. முடிவை மட்டும் தொடவில்லை. இரண்டு படங்களிலும் மனோதத்துவமும் மந்திரவாதமும் கைகோத்து ஒரு பொம்மையைக் காட்டி ஏமாற்றுகின்றன. பொம்மையைக் கொன்ற திருப்தியோடு அவள் மனைவியாக எழுந்திருக்கிறாள். மூலத்துக்கும் மறுஆக்கத்துக்கும் இதில் வித்தியாசமில்லை. மலையாளப் படத்தை உயர்த்திப் பிடித்துத் தமிழ்ப்படத்தைத் திட்டுகிற நம் வழக்கமான சினிமா ரசனை கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

பேரைக் கேட்டார்கள், ஊரைக் கேட்டார்கள், என்ன மொழி என்று கேட்டார்கள். 'உனக்கு என்னம்மா வேணும்?' என்று இரண்டு படத்திலும் யாரும் கேட்கவில்லை. அவள் சொல்லித்தான் இருந்தாள். கடைக்குப் போய்விட்டு வர வேண்டும் என்றாள்.